ஸ்டேபிள் என்றால்

உபகாரமேரி நாற்பத்தேழு வயதில் ஆங்கிலம் படிக்கப் போனது ஆசைப்பட்டு அல்ல. அவள் மகன் லாரன்ஸ் மால்டா என்கிற தீவு நாட்டில், ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தான். போய் ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இறக்கமான ரோட்டின் வளைவில் ஒரு வேன் அவனை இடித்துத் தூக்கிப் போட்டது. தலையில் அடி. விழுந்தவன் கண் திறக்கவேயில்லை.

செய்தியைச் சொன்னவர் அவனை அனுப்பிவைத்த ஏஜெண்ட். "பெரிய ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க. உங்க நம்பர குடுத்துட்டேன், டெய்லி அவங்களே பேசுவாங்க, பயப்படாதீங்க" என்றார். மூன்று நாள் கழித்து அவர் போன் அணைந்துபோனது. அதற்குப் பிறகு அது திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு மேல். உபகாரமேரி வேலை செய்த பொம்மைக் கம்பெனி விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டின் கடைசித் தெருவில் இருந்தது. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவது அவள் வேலை. முதல் நாள் அழைப்பு வந்தபோது கையெல்லாம் மண். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் நிற்காமல் பேசியது. அதில் "லாரன்ஸ்" என்ற ஒரு சொல்தான் அவளுக்குத் தெரிந்தது. போனைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் கொளஞ்சிநாதனிடம் ஓடினாள். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, முகம் சுருங்கித் திருப்பிக் கொடுத்தார்.

"மேரிம்மா, ஐசியுங்கிறது மட்டுந்தான் எனக்குப் புரியுது. மத்தது எல்லாம் ரயிலு போற மாரி கடகடன்னு போவுது."

மறுநாள் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களே இரக்கப்பட்டு ஓர் இந்தியப் பெண்ணைப் பேசவைத்தார்கள். அவள் பேசியது இந்தி. பங்குச் சாமியார் ஒரு முறை பேசினார். "தலையில ரெண்டு ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. காத்திருக்கணும், ஜெபம் பண்ணு" என்று சொன்னார். ஆனால் அவருக்குப் பதினாறு கிராமம். அழைப்பு வருகிற நேரத்தில் அவர் எந்த ஊர்க் கோயிலில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? திரும்ப இவளே கூப்பிட்டால், எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று ஓர் இயந்திரம் இங்கிலீஷில் கேட்டது.

கணவன் செபாஸ்டியன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். போன் மணி அடித்தாலே எழுந்து வெளியே போய்விடுவான். பயம். "நீயே கேட்டு நல்லதா இருந்தா சொல்லு" என்பான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், அது நான்தான் என்று முடிவு செய்துகொண்டாள். பத்தாவது நாள் வேலை முடிந்ததும், பாலக்கரையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

வகுப்பு எடுத்தவர் கோதண்டபாணி. முப்பத்தாறு வயது. அஞ்சல் வழியில் ஆங்கில எம்.ஏ. படித்தவர். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு நிறப் பேனா. எட்டு மாணவர்கள், எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். உபகாரமேரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சார், எனக்கு ஆஸ்பத்திரியில பேசறது மட்டும் புரிஞ்சா போதும் சார்."

"அதெல்லாம் படிப்படியாத்தான் வரணும்க்கா. அடிப்படை வேணும்ல. ஆஸ்பத்திரி பாடம் மூணாவது மாசம் வரும்."

அவளுக்கு மூன்று மாதம் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக்கள் தெரியும். காய்கறிப் பெயர்கள், கிழமைகள், போஸ்ட் ஆபீசுக்கு வழி கேட்பது, ஓட்டலில் தண்ணீர் கேட்பது. பொம்மையைத் துடைத்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற தங்கம்மாள், "ஜெபமா மேரி?" என்று கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டாள்.

மதியம் பேசும் நர்ஸ், அவளுக்கு ஆங்கிலம் வராது என்று தெரிந்த பிறகு குறைவாகவும் மெதுவாகவும் பேச ஆரம்பித்திருந்தாள். "ஹி இஸ் ஸ்டேபிள்" என்றாள். தொடர்ந்து நான்கு நாள் அதே சொல். உபகாரமேரி அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"ஸ்டேபிள்னா குதிர கட்ற கொட்டாய்க்கா" என்றார் கோதண்டபாணி. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த அகராதியைப் புரட்டினார். "இன்னொண்ணும் போட்டிருக்குது. நிலையா இருக்கறதுன்னு."

"நிலையான்னா எப்படி சார்? நல்லா இருக்கான்னா, இல்ல அப்படியே கெடக்கான்னா?"

அவர் மறுபடி அகராதியைப் பார்த்தார். "ரெண்டுக்கும் அதே வார்த்ததான்க்கா."

அடுத்த நாள், கண் திறந்தானா என்று கேட்க அவளே ஒரு கேள்வி தயார் செய்துகொண்டு போனாள். போன் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மை சன்... ஐ ஓபன்?"

நர்ஸ் சொன்னாள், "நோ, மை டியர். நாட் யெட்."

யெட் என்றால் என்னவென்று கொளஞ்சிநாதன் தன் போனில் தேடிச் சொன்னார். "இன்னும் இல்லன்னு அர்த்தம் மேரிம்மா." இல்லை என்பது வேறு, இன்னும் இல்லை என்பது வேறு. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் ஒன்பது நாள் வேலைக்குப் போனாள், சோறு ஆக்கினாள், செபாஸ்டியனைச் சாப்பிடவைத்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் மதியம் போன் வரவில்லை. நான்கு மணி வரை போனை மடியிலேயே வைத்துக்கொண்டு பிசிறு சீவினாள். இரண்டு பொம்மைகளின் காது போனது. சாயங்காலம் வகுப்பில் ரயில்வே ஸ்டேஷன் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அந்த நீளமான எண்.

எடுத்தாள். பழகிய நர்ஸ் குரல் இல்லை. ஓர் ஆண். ஒவ்வொரு சொல்லையும் கீழே பார்த்து அடி வைப்பதுபோலப் பேசினார். அவள் எழுந்துவிட்டாள். சாமியார் பேசிய அந்த ஒரு நாளை விட்டால் இப்போதுதான், போன் வரும்போது பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார். கர்த்தரே காட்டிய வழி என்றுதான் நினைத்தாள். ஓடிப்போய் அவர் கையில் போனைத் திணித்தாள்.

"சார், டாக்டரு பேசறாரு. கேளுங்க சார்."

கோதண்டபாணி போனைக் காதில் வைத்தார். எட்டு பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். "எஸ் சார்" என்றார். கேட்டார். "ஓகே சார்" என்றார். மறுபடி கேட்டார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியதை அவள் பார்த்தாள். ஃபேன் சரியாகச் சுற்றவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் குரல் ஏதோ கேட்டு நிறுத்தியது. காத்திருந்தது. மறுபடியும் அதையே கேட்டது.

"ஓகே சார். தேங்க்யூ சார். குட்பை சார்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

"என்னா சார் சொன்னாரு?"

"நல்லாத்தான்க்கா இருக்காராம். தேறிக்கிட்டு வர்றாராம். பெரிய டாக்டரு, ரொம்ப மரியாதையா பேசனாரு."

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. உபகாரமேரி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். செபாஸ்டியன் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். "அவன் வந்தா இனிமே எங்கியும் அனுப்ப வேணாம் மேரி. வூட்டோட இருக்கட்டும்" என்றான்.

காலையில் ஏழு மணிக்கு லாரன்ஸோடு ஒரே அறையில் தங்கியிருந்த தீபேன் கூப்பிட்டான். நேபாளத்துப் பையன். "மதர்" என்று சொன்னான், அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை, அழுதான். அந்த அழுகைக்கு யாரிடமும் போய் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உடல் வந்து சேரப் பதினாறு நாள் ஆனது. மூடிய பெட்டி. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். செபாஸ்டியன் பெட்டியின் எந்தப் பக்கம் தலை என்று கேட்டுக்கொண்டே இருந்தான், யாருக்கும் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தபோது கோதண்டபாணி வந்து கடைசியில் நின்றுவிட்டுப் போனதாகத் தங்கம்மாள் சொன்னாள். நல்ல மனுஷன் என்றுதான் உபகாரமேரி அப்போது நினைத்தாள்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் தீபேன் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினான். அவனுக்கும் இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதனால் சின்னச் சின்னச் சொல்லாகப் பேசியிருந்தான். உபகாரமேரி வாசலில் நின்றபடி கேட்டாள். பாதியிலேயே தனக்குப் புரிகிறது என்பது அவளுக்கு உறைத்தது. யாரையும் கேட்காமல், எழுதிக்கொள்ளாமல், முழுசாகப் புரிகிற முதல் இங்கிலீஷ் அதுதான்.

மதர், அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டர் உங்களுக்குப் போன் செய்தார். லாரன்ஸ் இன்றைக்குப் போய்விடுவான் என்று சொன்னார். நீங்கள் அவனுக்கு குட்பை சொல்ல வேண்டுமா என்று கேட்டார். போனை அவன் காதில் வைக்கிறேன் என்றார். இரண்டு தடவை கேட்டார். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். ஏன் மதர், ஏன் வைத்தீர்கள்?

தப்பாகப் புரிந்திருக்கும் என்று மறுபடி கேட்டாள். மறுபடி. பதினோரு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னான். உள்ளே செபாஸ்டியன் படுத்திருந்தான். அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் போகும் வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பெண்ணும் இறங்கிய பிறகு உள்ளே போனாள். கோதண்டபாணி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்தினார்.

"அன்னிக்கு டாக்டரு என்னா சார் கேட்டாரு?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். துடைக்கிற துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் புரியலக்கா" என்றார். "நான் இது வரைக்கும் ஒரு வெள்ளக்காரன்கிட்ட பேசனதே இல்ல. பன்னெண்டு வருஷமா சொல்லிக் குடுக்கறேன். அவரு பேசனது ஒண்ணுமே புடிபடல. குட்பைங்கிற வார்த்த மட்டும் காதுல விழுந்துச்சு. சரி, பேசி முடிச்சிட்டாரு, அதான் குட்பை சொல்றாருன்னு நெனச்சிட்டேன். புள்ளைங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. எனக்குப் புரியலன்னு எப்படிக்கா சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். எனக்குத்தான் தெனமும் புரியலயே. எனக்கு ஒண்ணும் அசிங்கமா இருந்திருக்காதே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போனை எடுத்துத் தீபேனின் குரலைப் போட்டாள். மெதுவான, சின்னச் சின்னச் சொல். இந்த முறை அவருக்கும் புரிந்தது. முடிவதற்குள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

உபகாரமேரி நின்றுகொண்டேயிருந்தாள். திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"குட்பைக்கு இங்கிலீசு எதுக்கு சார்? போன அவன் காதுலதான வெச்சிருப்பாங்க. நான் தமிழ்லதான பேசியிருப்பேன். தம்பின்னு கூப்ட்டிருப்பேன். போதும்யா, வலிச்சா போயிடுன்னு சொல்லியிருப்பேன். அதுக்கு ஒரு கிளாஸும் வேணாம் சார்."

அவர் அழுதார். அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு அப்படிக் கேட்டப்ப என்னா பதிலு சொல்லணும்?"

"வேணாம்க்கா."

"சொல்லுங்க சார். நான் அதக் கேக்கத்தான் வந்தேன்."

"எஸ், ப்ளீஸ்" என்றார் அவர். "அவ்ளோதான்க்கா."

அந்த இரண்டு சொல்லும் அவள் முதல் வாரமே படித்தவை. ஓட்டல் பாடத்தில், தண்ணீர் வேண்டுமா என்று சர்வர் கேட்டால் சொல்வது. நாற்பது தடவையாவது வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். போனை அவரிடம் கொடுக்காமல் தானே காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமலேயே எஸ் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும்.

எழுந்து படியிறங்கினாள். கோதண்டபாணி மேலிருந்து "அக்கா, அக்கா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாலக்கரையில் பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டு ஒன்றையொன்று முந்தின. அவள் ஏற வேண்டிய டவுன் பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் வந்து போனது. கண்டக்டர், "ஏறுறியாம்மா, இல்லியா?" என்று கேட்டார். அவர் கேட்டது அவள் காதில் விழுந்தது. பதில் சொல்லத்தான் அவளால் முடியவில்லை.