பூட்டுக்காரருக்கு வந்த பிடிவாரண்ட்

பிடிவாரண்ட் என்று கேள்விப்பட்டதும் பூட்டுக்காரர் செய்த முதல் வேலை, தன்னை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்படி பெண்டாட்டியிடம் சொன்னதுதான்.

"ஆளில்லாத வீடுன்னு போலீஸ் திரும்பிப் போயிடும்ல?"

"கடைப்பலகையை நடைபாதையில வச்ச கேஸு. ரெண்டு வாய்தாவுக்கும் போகாம இருந்துட்டு, என்னமோ பேங்கைக் கொள்ளையடிச்ச மாதிரி பதுங்கறதைப் பாரு!"

திட்டிக்கொண்டே, அவர் கையால் செய்த பித்தளைப் பூட்டை மாட்டி, சாவியோடு சலவைக்கடை வேலைக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு அவருடைய அக்கா போன் செய்தாள். வக்கீல்.

"டேய், ஒளியாதே. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அவங்களாப் பிடிச்சா திங்கள் வரைக்கும் உள்ளதான். பன்னிரண்டுக்குள்ள நீயே வந்து ஜட்ஜ் முன்னால நில்லு. வாரண்டை ரத்து பண்ண மனு ரெடி."

"அக்கா, வீடு பூட்டியிருக்கு."

"நீ என்ன தொழில்டா பண்றே?"

"சாமானெல்லாம் கடையில இருக்கே..."

பெண்டாட்டிக்குப் போன் போட்டார். சமையலறை அலமாரியில் மணி அடித்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம். போலீஸ்காரர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்கினார். மூச்சுக் காட்டாமல் இருந்தால் இன்றைக்குத் தப்பிக்கலாம். நாளைக்கு?

ஜன்னலைத் திறந்தார். "சார்! போயிடாதீங்க! கொஞ்சம் திறந்துவிடுங்க. கோர்ட்டுக்கு நேரமாச்சு!"

"இத்தனை வருஷ சர்வீஸ்ல, பிடிக்க வந்தவனைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்ன ஆளு நீங்கதான்யா. கல்லு எடுக்கட்டுமா?"

"உடையாது சார். நான் செஞ்ச பூட்டு." அந்த நேரத்திலும் குரலில் பெருமை. பிறகு குரல் இறங்கியது. "கொண்டியில நாலு ஸ்க்ரூ இருக்கும். காசை வச்சுத் திருகுங்க."

நாலே நிமிஷம். பூட்டு பூட்டியபடியே கொண்டியோடு கீழே விழுந்தது.

"ஊரெல்லாம் கியாரண்டி குடுக்கற பூட்டு இதுதானா?"

"சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தொழில் படுத்துடும்."

"அப்போ நான் உங்களைப் பிடிக்காம விட்டதை நீங்களும் சொல்லாதீங்க. முன்னால நடங்க. நான் பத்தடி பின்னால வரேன்."

பதினொன்றே முக்காலுக்கு ஜட்ஜ் முன்னால் நின்றார். அபராதம் போட்டு வாரண்டை ரத்து செய்தார்கள்.

சாயங்காலம் பெண்டாட்டி வந்தபோது கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வாசற்படியில் பூட்டு.

"ஐயோ! பிடிச்சுட்டுப் போயிட்டாங்களா?"

"நானேதான் போயிட்டு வந்தேன்," என்றார் உள்ளேயிருந்து.

அவள் பூட்டை எடுத்து இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டுக்கு ஒண்ணும் ஆகலை," என்றாள். "நாலு பெரிய ஸ்க்ரூ வாங்கிட்டு வாங்க."