கேற்றடியில் நின்றவர்

சின்ன விரல் மடங்கவில்லை என்றால் அது அவர்தான், வேறு யாராக இருக்க முடியும், ஹெல்மெட்டைப் பிடித்திருக்கும்போதும் வலது கைச் சின்ன விரல் மட்டும் ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் இந்தத் தீவில் இன்னொருவரா இருக்கப்போகிறார்... தக்சிகா தொட்டித் தண்ணீரை வாளியில் அள்ளித் தலையில் ஊற்றினாள், கண்ணைத் திறந்துகொண்டே ஊற்றினாள், உவர்த் தண்ணீர் எரித்தது, எரியட்டும். பக்கத்தில் ஜெனிற்றா நுரைக்காத சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய செய்தியை எப்படிச் சொன்னாள் பார், இன்றைக்குக் காலையில் பாணும் சம்பலும் என்று சொல்கிற மாதிரி, "உனக்குச் சொல்ல மறந்துபோனன் தக்சி, போன ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தேடி ஒரு ஆள் வந்தவர்." ஞாயிறு என்றால் விடுதிப் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து பார்க்கிற நாள். ஜெனிற்றாவுக்கு அன்றைக்கு முன் முற்றம் கூட்டுகிற முறை. அந்த ஆள் தக்சிகா என்று பெயர் சொன்னது கேட்டதாம், கேற்றில் காவலுக்கு இருக்கிற அந்தோனியம்மா "தாய் தேப்பன் மட்டும்தான் பாக்கலாம்" என்று சொன்னது கேட்டதாம், பிறகு அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். மிச்சம் ஒன்றும் கேட்கவில்லையாம், விளக்குமாற்றுச் சத்தமாம். விரலை மட்டும் பார்த்திருக்கிறாள். "ஏனடி அண்டைக்கே சொல்லேல்ல?" "மறந்துபோனன் எண்டுதானே சொல்லுறன்." மறந்துபோனாளாம்! ஒரு கிழமை முழுக்க ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டு, பக்கத்துக் கட்டிலில் படுத்து, கணக்குக்கு விடை கேட்டு, தலைக்கு எண்ணெய் கடன் கேட்டு... ஒரு தகப்பன் வந்து திரும்பிப் போனதை மறந்துபோனாளாம். ஆனால் ஜெனிற்றாவுக்கு எப்படித் தெரியும் அது தகப்பன் என்று? தக்சிகாவுக்குத் தகப்பன் இல்லையே.

அதுதான். அந்தோனியம்மாவுக்குத் தெரிந்தவரை இல்லை, பொறுப்பாக இருக்கிற சிஸ்டர் எமில்டாவுக்குத் தெரிந்தவரையும் இல்லை, செத்துப்போன மனிதர் கேற்றடியில் வந்து நின்றால் யார்தான் உள்ளே விடுவார்கள். அவர் மேசன். கட்டட வேலைக்கென்று புத்தளம் போனார், போன இடத்தில் ஒருத்தியோடு தங்கிவிட்டார், தக்சிகா அப்போது ஐந்தாம் வகுப்பு. சாகவில்லை. சாகாத மனிதரை அம்மாதான் பஸ்ஸுக்குள் வைத்துச் சாகடித்தாள். இந்த விடுதியில் சேர்க்க முருங்கனிலிருந்து வந்த நாள், மன்னார்ப் பாலம் வந்ததும் அம்மா சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டு நெற்றிப் பொட்டை அழித்தாள், அழித்துவிட்டு யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஆரும் கேட்டா அப்பா மோசம்போயிட்டார் எண்டு சொல்லு. நெஞ்சு வருத்தம் எண்டு சொல்லு." விட்டுவிட்டுப் போனவனின் பிள்ளைக்கு இடம் கிடைக்காது, செத்துப்போனவனின் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது? அது உண்மைதானா? ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லையே... அம்மாவின் நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, வட்டமாகத் தெரிந்தது, சிஸ்டர் அதைப் பார்த்துவிடுவாரோ என்று தக்சிகா அன்றைக்கு முழுக்க அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பார்க்கவில்லை. சிஸ்டர் குனிந்து அவளுடைய கன்னத்தைத் தொட்டு "யேசுவே உனக்குத் தகப்பன் மகள்" என்றார். அன்றிலிருந்து அப்பா செத்துத்தான் இருக்கிறார்.

இன்றைக்கு வேறு சனிக்கிழமை. சுவிஸிலிருந்து, விடுதிக்கு உதவி செய்கிற தமிழ்ச் சங்கத்து ஆட்கள் வருகிற சனிக்கிழமை. உவரை நல்ல குடிதண்ணீராக்குகிற மெஷின் தந்தவர்கள், நன்றி சொல்ல வேண்டும், ஒவ்வொரு வருசமும் இந்த மாதத்தில்தான் வருவார்கள், ஓகஸ்ட் லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கி, சோளகக் காற்று அடங்குவேனா என்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கிற நாட்களில். விறாந்தையை இரண்டு தரம் கழுவியாகிவிட்டது, காற்று மூன்றாம் தரம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது, கேற் வழியாக நுழைந்த கழுதைகளைச் சின்னப் பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஒவ்வொரு வருசமும் நன்றி சொல்கிறவள் தக்சிகா. ஏன் தக்சிகா? குரல் நல்ல குரல் என்பார் சிஸ்டர். குரல் நல்ல பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், கிருஷிகா பாட்டே பாடுவாள், அவளை ஏன் கேட்பதில்லை? கிருஷிகாவுக்குத் தகப்பன் இருக்கிறார், தலைமன்னாரில் தோணி வைத்திருக்கிறார், மாதாமாதம் கருவாட்டோடு வந்து நிற்கிறார், அந்தக் கதையைக் கேட்டு யார் அழுவார்கள்... தக்சிகாதான் வேண்டும். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், "என் அப்பாவை இழந்த எனக்கு இந்த விடுதியே வீடானது" என்கிற வரி. அந்த வரியை எழுதித் தந்தவர் சிஸ்டர். அதைச் சொல்லும்போது ஒரு நொடி நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தந்தவரும் சிஸ்டர். அவள் நிறுத்துவாள். நிறுத்தியதும் முன்வரிசையில் கைப்பைகள் திறக்கிற சத்தம் கேட்கும், கைலேஞ்சிகள் வெளியே வரும்.

ஜெனிற்றா பின்னல் போட்டாள். இழுத்து இழுத்துப் போட்டாள், அவளுக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும், கண்ணாடியில் தக்சிகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆரடி அந்த ஆள்?" "அப்பா." ஜெனிற்றாவின் கை நின்றது. "உனக்கு அப்பா..." "இருக்கிறார். சாகேல்ல. போன ஞாயிறு வந்தவர், திருப்பி அனுப்பிப்போட்டாளவை." முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள், இந்தக் கட்டடத்துக்குள் அந்த வசனம் முதல் தடவையாக ஒலித்தது, சொன்னதும் வந்தது அழுகை இல்லை, வேறு ஏதோ, யாருடைய கன்னத்திலாவது பளார் என்று போட வேண்டும் போல. "இண்டைக்கு மேடையில சொல்லப்போறன்." "விசரே உனக்கு? சிஸ்டர் என்ன சொல்லுவா? டிசம்பரில சோதினை, உன்னை வீட்டுக்கு அனுப்பினா எங்க இருந்து படிப்பாய்?" எங்கே இருந்து படிப்பாள்? வீட்டில் ஒற்றை அறை, அம்மா வயல் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள், பஸ் காலையில் ஒன்று... அனுப்பட்டும். அனுப்பினால் அனுப்பட்டும். செத்தவரின் பிள்ளையாக இருந்து ஒன்பது பாடத்துக்கும் எடுக்கிற ஒன்பது ஏ தனக்கு எதற்கு? அது எதற்கென்று தெரியும், அதுதான் இன்னும் ஆத்திரம். அவருக்கென்ன, ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார், போனார், புத்தளத்தில் சோறு ஆக்கி வைத்திருப்பாள் அந்த மனுசி. இத்தனை வருசமும் வராதவர் இப்போது ஏன் வந்தார்? சுகமில்லையா? வந்தவர் கத்தியிருக்க வேண்டாமா, நான்தான் தகப்பன், என் பிள்ளையைக் கூப்பிடு என்று கேற்றைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டாமா... அவள் அப்போது பின்பக்கம் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றிருப்பாள், ஒரு சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும்.

மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின, முன்வரிசையில் சங்கத்து ஆட்கள், நடுவில் மஞ்சள் சேலை கட்டிய அன்ரி ஒருத்தி, கழுத்தில் வியர்வையை ஒற்றிக்கொண்டே இருந்தாள், நல்ல முகம், நல்ல முகமாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. சிஸ்டர் எமில்டா மைக்கைப் பிடித்தார், "சின்ன வயசிலேயே தகப்பனைப் பறிகொடுத்த எங்கட தக்சிகா" என்றார், தோளில் கையை வைத்து முன்னால் தள்ளினார். கை கனமாக இருந்தது. தக்சிகா வணக்கம் சொன்னாள், தண்ணீருக்கு நன்றி சொன்னாள், அந்த வரி வந்தது, என் அப்பாவை... நிறுத்தினாள். கைப்பைகள் திறந்தன. அந்தச் சத்தம்தான். அது மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை மற்ற வரியையும் சொல்லிவிட்டு இறங்கியிருப்பாள். "என்ர அப்பா போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர்" என்றாள், மேடைத் தமிழ் இல்லை, வீட்டுத் தமிழ், "என்னைப் பாக்க வந்தவர். ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்ல." கத்தித்தான் சொன்னாள். முன்வரிசை நிமிர்ந்து பார்த்தது. இதோ இப்போது, இப்போது யாராவது கேட்கப்போகிறார்கள், அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கப்போகிறார்கள், அவள் ஓம் என்று சொல்லப்போகிறாள்... மஞ்சள் சேலை அன்ரி எழுந்தாள், கண்ணீர் ஓட ஓட வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "கனவில வந்திருக்கிறார், பாருங்கோ, பாவம், பிள்ளையின்ர கனவில வந்திருக்கிறார்!" கை தட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். சிஸ்டரும் தட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இல்லை அன்ரி" என்றாள் தக்சிகா, அந்தச் சேலைக்குள், அந்த வாசனைக்குள், "இல்லை, உண்மையா வந்தவர்." "ஓமடா, ஓம், உண்மையாத்தான். எங்களைவிட்டுப் போனவை உண்மையாத்தான் வருவினம்."

சாப்பாடு போட்டார்கள், இறைச்சிக் கறி, அவள் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். என்ன சனங்கள் இவர்கள், கத்திச் சொன்னாலும் தங்களுக்கு வேண்டியதைத்தான் கேட்பார்களா, ஒரு மனிதரைச் சாகடிப்பது இவ்வளவு சுலபம், உயிரோடு இருக்கிறார் என்று சொல்வது இவ்வளவு கஷ்டமா? சிஸ்டர் பக்கத்தில் வந்து மெதுவாக "நல்லாச் சொன்னாய் மகள், அடுத்த முறையும் அப்பிடியே சொல்லு" என்றார். சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்திருப்பாள். எறியவில்லை, கழுவி வைத்தாள், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேற்றுக்குப் போனாள். அந்தோனியம்மாதான் மிச்சம். கூப்பிடாமல் விட்டவள் அந்த மனுசிதானே, பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு ஒரு வார்த்தையால் தகப்பனைத் திருப்பி அனுப்பினவள், அவளையாவது நாலு கேள்வி கேட்காமல் விடக்கூடாது. அந்தோனியம்மா காற்றுக்கு முக்காடு போட்டுக்கொண்டு வேப்பமர நிழலில் இருந்தாள், சங்கத்து வாகனங்களைப் பார்த்துக்கொண்டு.

"போன ஞாயிறு என்னைத் தேடி ஒரு ஆள் வந்தவரோ?"

"ஓம் பிள்ளை, வந்தவர்."

"ஏன் என்னைக் கூப்பிடேல்ல நீங்கள்?" குரல் உயர்ந்துவிட்டது, டிரைவர்மார் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"ஏன் சத்தம் போடுறாய்? ஆர் எண்டு கேட்டனான். மாமா எண்டு சொன்னவர். தாய் தேப்பன் மட்டும்தான் பாக்கலாம் எண்டனான். எண்டாலும் பாவமாக் கிடந்தது, வெயிலுக்க வந்த மனுசன், நில்லுங்கோ சிஸ்டரிட்டக் கேட்டுக்கொண்டு வாறன் எண்டு எழும்பினனான். வேண்டாம் எண்டிட்டார்."

"மாமா எண்டோ சொன்னவர்?"

"ஓம், மாமா எண்டுதான். நான் ரெண்டு பேச்சும் பேசினனான். தேப்பன் இல்லாத பிள்ளை, மாமன்மாராவது அடிக்கடி வந்து பாக்க வேணுமெல்லோ எண்டு. தலையைக் குனிஞ்சுகொண்டு ஓம் ஓம் எண்டவர்."

தக்சிகா கேற்றைப் பிடித்துக்கொண்டாள், இரும்பு சுட்டது. இத்தனை நேரமும் கட்டிக் கட்டி வைத்திருந்த கேள்விகள் எங்கே போயின, ஒன்றையும் காணவில்லை. அந்தோனியம்மா தேப்பன் இல்லாத பிள்ளை என்று அவரிடம் சொன்னது பிறகுதானே. அதற்கு முதலே மாமா என்று சொல்லியிருக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது? அம்மாவா? அம்மா அவரோடு பேசுகிறாளா, எப்போது, யாருடைய போனில்? விடுதியில் பிள்ளையின் இடம் போய்விடக்கூடாது என்றுதான் மாமா என்றாரா, இல்லை தகப்பன் என்று சொல்ல வாய் கூசி... இரண்டில் எது? எதுவென்று தெரிந்தால்தானே எவ்வளவு கோபப்படலாம் என்று தெரியும். தள்ளாடிவிடாமல் நிற்பதற்காவது அந்தக் கோபம் வேண்டும். அந்தோனியம்மா எழும்பிப் போய்த் தன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், சிஸ்டரும் பின்னாலேயே வந்து நின்றிருந்தால், அவர் அந்த விரலை நீட்டிக்கொண்டு தன்னைப் பார்த்திருந்தால், தான் என்ன சொல்லியிருப்பாள்? மேடையில் தெரியாத சனங்களுக்குக் கத்தினது வேறு, இது வேறு. மனதுக்குள் அவரை நிறுத்திப் பார்த்தாள், சிஸ்டரையும் நிறுத்தினாள், வாயைத் திறந்தாள், யோசிக்காமல் முதலில் வந்தது, வாங்கோ மாமா.

"என்ன பிள்ளை, என்ன சொன்னனீ?" என்றாள் அந்தோனியம்மா.

"ஒண்டுமில்லை."