மாரியக்கா நம்பர்

...வருகிறது, வாசல் வரைக்கும் வருகிறது, அதில் சந்தேகமே வேண்டாம், கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடுகிறதே, வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள், மறுபடி தட்டுகிறார்கள், மறுபடியும்... யாரோ என்ன யாரோ, தட்டுவதும் தங்கமாரிதான், தன் செல்போனில் கம்பெனி வைஃபையை அணைத்துவிட்டு அசலூர்க்காரி மாதிரி வெளியே நின்று தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிப் பார்க்கிறாள். தட்டுவது சர்வருக்குக் கேட்கிறது. சர்வருக்குள் இருக்கிற கண்டெய்னருக்குக் கேட்கவில்லை. நடுவில் எங்கேயோ கிணற்றில் போட்ட கல்லாகிவிடுகிறது, பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை, முடியாது என்றாவது சொல்லித் தொலைக்கலாமே, அதுவும் இல்லை. இரண்டு மணிக்கு ஆடிட் ஆட்கள் வந்துவிடுவார்கள். வல்லம் வடகாலில் இந்தத் தொழிற்சாலை செய்கிற பிரேக் பாகங்கள் எந்த லாரியில் எங்கே போகின்றன என்பதை அவர்கள் தங்கள் ஆபீஸிலிருந்தே பார்க்க வேண்டுமாம். அதற்கான மென்பொருள்களை ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கண்டெய்னராகத் தடுத்து வைத்திருக்கிறாள், ஒரு வீட்டைத் தடுத்துத் தடுத்து ஆறு குடித்தனமாக வாடகைக்கு விடுகிற ஒரகடத்து வழக்கம்தான். ஆனால் இங்கே ஒவ்வோர் அறைக்கும் வெளியுலகம் நேராகத் தேடி வரும் சொந்த முகவரி வேண்டும் என்றார்கள், இணைய இணைப்புக் கம்பெனியும் எட்டு முகவரிகளை ஒரே கட்டாகக் கொடுத்துவிட்டது. அந்த எட்டுக்கும் வருவதெல்லாம் முதலில் சர்வரின் வாசலுக்கு வரும், அங்கிருந்து அந்தந்த அறைக்குப் போக வேண்டும். இதில் என்ன கம்பசூத்திரம் இருக்கிறது? வருகிறதே, ஏன் போக மாட்டேன் என்கிறது?

வெள்ளிக்கிழமையே சொன்னான், இணைப்புக் கம்பெனி எழிலரசன், போனில், பொறுமையாகத்தான் சொன்னான், “எங்க பக்கம் ரூட் போட்டாச்சுங்க மேடம், உங்க பாக்ஸ் வரைக்கும் வந்து சேருது, அதுக்கப்புறம் உங்க கையிலதான் இருக்கு.” இவள்தான் நம்பவில்லை. வரவே இல்லை, உங்கள் பக்கம்தான் கோளாறு என்று அரைமணி நேரம் அவனைப் போட்டுக் காய்ச்சினாள், பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ... அந்த அரைமணி நேரத்துக்குள்தான் காதோரம் டொக் டொக் என்று இன்னொரு அழைப்பு. வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குப் போக வேண்டாம், திரையைப் பார். கண்டெய்னருக்கு முகவரி கொடுத்தாயா, கொடுத்தேன். அதற்கு வெளியே போகும் வழி சர்வர்தான் என்று சொன்னாயா, சொன்னேன். பின்னே? தெரியாத நம்பர் என்று அதை எடுக்காமல் விட்டிருந்தால்? விட்டிருந்தால் இன்று இவள் பேரில் ஒன்றும் இல்லை. எடுத்துத் தொலைத்தாளே.

இவள் போன் அடித்தால் அது இவளுக்காக அடிப்பதில்லை. அப்பா பேசி இரண்டு தீபாவளி போய்விட்டது, அம்மா பொங்கலுக்குப் பொங்கல். ஆனாலும் அடித்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் லைனில் வேலை செய்கிற பெண்கள் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும், எட்டு மணி நேரம் அவர்களுக்கு ஊர் கிடையாது உலகம் கிடையாது. சர்வர் அறையில் இருப்பவளுக்கு மட்டும் போனுக்கு அனுமதி உண்டு. அவ்வளவுதான், ஹாஸ்டலில் இருக்கிற அத்தனை பேரும் தங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவசரம் என்றால் மாரியக்கா நம்பர். தம்பி பாஸாகிவிட்டான், மாரியக்கா நம்பர். ரேஷன் கார்டுக்குப் பெயர் எப்படி எழுத, மாரியக்கா நம்பர். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நான் என்ன தபால்காரியா என்று ஒருநாள் கத்தியே விட்டாள், பாண்டிச்செல்விதான் சிரித்துக்கொண்டே, “நீங்க இல்லன்னா நாங்க அநாதைங்க்கா” என்று காலைப் பிடித்துவிட வந்தாள். செல்வி அப்படித்தான், கோபத்தில் நிற்க விடமாட்டாள். வருஷம் முடிந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“தாயி, செல்வி அம்மா பேசுதேன், பக்கத்து வீட்டுப் போன்லருந்து...” வெள்ளிக்கிழமை அந்த டொக் டொக்கில் வந்த நாச்சியாரம்மாவின் குரல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்கிற குரல். “அவுக அய்யா அவளுக்குப் போன் போட்டு எனக்கு மேலுக்கு முடியல, ஆசுவத்திரில கெடக்கேன்னு சொல்லுவாக. நம்பி வந்துற வேண்டாம்னு சொல்லு. எனக்கு ஒண்ணுமில்ல, குத்துக்கல்லு கணக்கா இருக்கேன். அவ அத்த மவனுக்கு ரெண்டாந்தாரமாக் கட்டி வைக்கப் பாக்காக. இன்னொண்ணு தாயி...” அந்த இன்னொன்றைக் கேட்கவில்லை. எழிலரசன் மறுமுனையில் காத்திருந்தான். “சரிம்மா, நான் சொல்லிருதேன், வைங்க” என்றாள். சொல்லிருதேன். வாய் நிறையச் சொன்னாள். ஷிப்ட் முடிந்து செல்வி வெளியே வரும்போது கேட்டில் பிடித்துச் சொல்லிவிட்டால் ஆயிற்று, அவ்வளவுதானே. பிறகு எழிலரசன் ஏதோ சொல்ல இவள் ஏதோ சொல்ல, ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதுகூடக் காதில் விழவில்லை.

“இன்னாம்மா, ஆச்சா இல்லியா?” என்று நரசிம்மன் சார் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்க்கிறார், மணிமங்கலத்துக்காரர், கம்ப்யூட்டர் பகுதிக்குப் பொறுப்பு, முதல்முதல் இவள் கண்டெய்னர் என்றதும் வாசலில் லாரி வந்துவிட்டதா என்று எழுந்து பார்த்தவர். “ஆடிட்டு ஆளுங்க ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டாங்களாம், வந்துகினே கீறாங்க.”

“வாசல் வரைக்கும் வருது சார். உள்ள போக மாட்டேங்குது.”

“சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேன்றான்னு சொல்லு” என்று தானே சிரித்துக்கொண்டார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “டீயாவது குடிம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாரி கீது” என்று கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களைக் கண்டாலே இப்போது பயமாக இருக்கிறது, எந்த நேரத்தில் அழுகை வந்துவிடுமோ என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போனபோது செல்வியின் கட்டில் காலி. “அவங்கம்மாவ ஆஸ்பத்திரில சேத்துருக்காம்க்கா, அழுதுக்கிட்டே போறா, பெருங்களத்தூர்ல பஸ் ஏற” என்றாள் அறைத்தோழி கவியா. அப்போதுகூட நேரம் இருந்தது. பெருங்களத்தூரில் நின்றுகொண்டிருப்பாள், பஸ் வந்திருக்காது, வந்திருந்தாலும் இறங்க எத்தனை ஊர் இருக்கிறது... ஒரு தடவை அடித்தாள். முழுதாக அடித்து ஓய்ந்தது, ரோட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. இன்னொரு தடவை ஏன் அடிக்கவில்லை? ஒரு மெசேஜ் போட என்ன கேடு? விரல் போனது, ‘உங்க அம்மா மத்தியானம் பேசினாங்க’ என்பதுவரை எழுதியது, மத்தியானம் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. ஏங்க்கா அப்பவே சொல்லல என்று செல்வி ஒரு கேள்வி கேட்பாளே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எழுதியதை அழித்தாள். இதுதான் உண்மை, வேறு என்ன சொல்லிப் பூசி மெழுகினாலும் இதுதான். போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள், கெட்டிக்காரி, அவளை யார் கட்டாயப்படுத்திவிட முடியும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சனிக்கிழமை செல்வியின் போன் அணைந்திருந்தது. ஞாயிறும்.

மேஜையில் போன் அதிர்கிறது. கவியா. இரண்டு மணி ஷிப்டுக்கு வந்திருப்பாள். “யக்கா, போன லாக்கர்ல வைக்கப் போறேன், அதுக்கு முன்னாடி சொல்லிருவோம்னுதான்... செல்வி ஏதோ புது நம்பர்லருந்து மெசேஜ் போட்ருக்கா. நேத்து கல்யாணம் முடிஞ்சிட்டாம்க்கா. அவங்க அம்மாவும் சேந்துக்கிட்டு நடிச்சிட்டாங்களாம், சாகுற வரைக்கும் எங்கம்மா மூஞ்சில முழிக்க மாட்டேன்னு எழுதிருக்கா. துணிமணிய எல்லாம் யாருக்காச்சும் குடுத்துருன்னு வேற... யக்கா? லைன்ல இருக்கீங்களா?” இருக்கேன் என்றாள் தங்கமாரி. “அவங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்லல்லக்கா? ஒரு வார்த்த உங்களுக்காச்சும் போன் போட்டுச் சொல்லிருக்கலாம்ல?” அதற்குள் கேட்டில் யாரோ அதட்ட, கவியா வைத்துவிட்டாள். லாக்கர் கதவு சாத்துகிற சத்தம் இங்கே கேட்காது, ஆனால் கேட்டது.

சொல்லிருக்கலாம்ல... அந்தத் தாய் சொன்னாள், கவியா, சொன்னாள், பக்கத்து வீட்டில் போன் இரந்து, புருஷனுக்குத் தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். செல்விக்கு அது தெரியாது. தாய் தன்னை விற்றுவிட்டாள் என்றல்லவா தாலி ஏறிய கழுத்தோடு உட்கார்ந்திருப்பாள். கைகள் பாட்டுக்குக் கீபோர்டில் ஓடுகின்றன, சர்வரின் அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்கின்றன, இவள் சொல்லாமலே. தட்டியவர் உள்ளே இருப்பவர் வாய் திறக்கவில்லை என்று நினைப்பார், உள்ளே இருப்பவர் தன்னை யாரும் தேடவில்லை என்று நினைப்பார், நடுவில் நிற்பதை இரண்டு பேரும் சந்தேகப்பட மாட்டார்கள். திரையில் ஒரு பூஜ்யம் வந்து நிற்கிறது. தனக்கல்லாமல் பிறருக்கு வருவதைக் கடத்தலாமா என்ற அமைப்புக்கு நேராக, பூஜ்யம், கூடாது என்று அர்த்தம். இவளுக்கு முன் இருந்தவன் பாதுகாப்புக்காக அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், வைக்காவிட்டாலும் அதன் பிறவிக்குணமே அதுதான், தனக்கு வந்ததை வாங்கிக்கொள்ளும், அடுத்தவருக்கு வந்ததைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், கடத்து என்று யாராவது சொல்லிவைத்தால்தான் கடத்தும். மிஷினுக்கு யாரும் சொல்லவில்லை, அதன் மேல் குற்றமில்லை. இவளுக்குச் சொன்னார்களே. தாயி என்று கூப்பிட்டல்லவா சொன்னார்கள்.

பூஜ்யத்தை ஒன்றாக்கினாள். மறுகணம் கண்டெய்னர் பேசியது, செல்போனில் ஆடிட் பக்கம் பளிச்சென்று திறந்தது, லாரி எண்களும் பாகங்களும் ஒழுங்காக வரிசைகட்டி நின்றன. ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து இதற்காகத்தானே செத்தாள், ஒரு சந்தோஷம்கூட இல்லையே, துளிகூட... நரசிம்மன் சார்தான் சந்தோஷப்பட்டார். “ஆயிடுச்சா! அம்மாடி! இன்னாதாம்மா ப்ராப்ளம்?” ஒரு பூஜ்யம் சார் என்றாள். “ஒரு சைபருக்கா மூணு நாளா என் உசுர வாங்கினே!” என்று தலையில் அடித்துக்கொண்டு, ஆடிட் ஆட்களை வரவேற்க ஓடினார். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

மறுபடி போன். பெயர் இல்லாத நம்பர், ஆனால் தெரியும், கடைசி இரண்டு எண் இந்த மூன்று நாளாகக் கண்ணை மூடினாலும் தெரிகிறது.

“தாயி... செல்வி அம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், வச்சிருதேன். அன்னைக்கு நான் சொன்னத அவகிட்டச் சொன்னீல்ல?”

சொல்லு. இப்போதாவது சொல்லு.

“சொல்லிருப்ப, நீ பொறுப்பான பிள்ள. நா வராதன்னு சொல்லிவிட்டும் வந்துருக்கான்னா, அவளுக்கும் மனசுக்குள்ள சம்மதம் இருந்துருக்கு, என்ன தாயி? அப்படித்தான? மொகத்தத் திருப்பிக்கிட்டே போயிட்டா, எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. கோவமில்ல, வெக்கமாத்தான் இருக்கும், ஏம் புத்திக்கு அப்படித்தான் படுது... என்ன தாயி?” கெஞ்சுகிற குரல். ஆமாம் என்றால் அந்தத் தாய் இன்று ராத்திரி தூங்குவாள். இல்லை என்றால்... அதற்குள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “சரி தாயி. எனக்கு அது போதும்.” வைத்துவிட்டாள்.

எது போதும்? இவள் வாயே திறக்கவில்லையே! வாய் திறக்காமலே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, பொய்யான செய்தி, இத்தனை நாளில் இவள் வழியாக இவ்வளவு வேகமாக எதுவும் போய்ச் சேர்ந்ததில்லை. ஐயோ, இது முந்தியதைவிடப் பெரிய பாவம் அல்லவா, இனி செல்வி என்ன கதறினாலும் வெட்கம் என்றல்லவா அம்மா நினைப்பாள்... அதே நம்பரைத் திருப்பி அழுத்தினாள். அடித்தது. அடித்தது. எடுத்தது வேறு குரல்.

“நாச்சியாரா? போனக் குடுத்துட்டு இப்பத்தான போனா. ஆட்டப் பத்திக்கிட்டுக் கம்மாப் பக்கம் போயிட்டா. நீ யாரு, அந்தக் கம்பெனிப் பிள்ளையா?”

“ஆமாங்க்கா. அவங்களக் கொஞ்சம் கூப்பிட முடியுமா? அவசரம்...”

“எட்டுற தூரமா அது? எனக்கு அடுப்புல ஒல கொதிக்கி. என்ன விசயம்னு எங்கிட்டச் சொல்லு பிள்ள, நா சொல்லிருதேன்.”

ஷிப்ட் சங்கு ஊதியது, லைனிலிருந்து பெண்கள் லாக்கரை நோக்கி ஓடுகிற செருப்புச் சத்தம் தாழ்வாரமெங்கும் கேட்டது. “சொல்லு பிள்ள, சொல்லிருதேன்” என்றது குரல் மறுபடியும், அவசரமாக, ஆனால் நல்ல மனசோடு. வெள்ளிக்கிழமை தானும் நல்ல மனசோடுதான் அதே ‘சொல்லிருதேன்’ சொன்னோம் என்பது தங்கமாரிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.