வெளியே போகாத திருத்தம்

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இசக்கிசெல்விக்கு சாஃப்ட்வேர் பிரிவில் வேலை. பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவள், அவளுக்குக் கீழே கங்கா, இருவருக்கும் மேலே மேனேஜர் புருஷோத்தமன்.

உற்பத்தி லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தின் பார்கோடையும் ஸ்கேனர் படிக்கும். படித்ததைக் கணக்கில் ஏற்றும் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். எங்கெங்கோ இருக்கும் சிலர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். கம்பெனியும் சும்மாதான் எடுத்துக்கொண்டது. அதில் ஒரு கோளாறு. இரண்டு பாகங்கள் நெருக்கமாக வந்துவிட்டால் இரண்டாவதை விழுங்கிவிடும். பெட்டி நிறைந்திருக்கும், கணினி குறைகிறது என்று சாதிக்கும், பெட்டி நகராது. இசக்கிசெல்வி மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தாள். திருத்தியது என்னவோ கொஞ்சம் வரிகள்தான்.

"சார், இத எழுதுனவங்களுக்கே அனுப்பிருதேன். அவங்க சேத்துக்கிட்டா புது வெர்ஷன்லயே வந்துரும். இல்லன்னா ஒவ்வொரு தடவையும் நாமதான் கையால ஒட்டணும்."

புருஷோத்தமன் சிரித்தார். "இன்னாம்மா நீ, கம்பெனில உக்காந்து எழுதுனத ஊருக்கு எடுத்துக் குடுப்பியா? நாளைக்கு வேற கம்பெனிக்காரன் தூக்கினு போய்டுவான்."

"அவங்க எழுதுனதத்தான சார் நாம தூக்கிட்டு வந்திருக்கோம்?"

"அது ஃப்ரீயா கீது, எடுத்தோம். மேல கேட்டுச் சொல்றேன், போ."

மேலே கேட்டாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. நினைவுபடுத்தும்போதெல்லாம் "லீகல் டிபார்ட்மென்ட்ல இருக்கு" என்றார். புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அவள் பழைய திருத்தத்தைத் தூக்கி மறுபடி ஒட்டினாள். அந்த மென்பொருளின் இணையப் பக்கத்துக்குப் போனால் எரிச்சல் கூடியது. இதே கோளாறைச் சொல்லி யார் யாரோ புலம்பிக்கொண்டிருந்தார்கள். வியட்நாமில் ஒரு மருந்துக் கிடங்குக்காரர், மாத்திரைப் பெட்டிகளை ஆள் வைத்துக் கையால் எண்ணுவதாக எழுதியிருந்தார். பதில் இவள் கணினியில் இருந்தது. கீழே பதில் எழுதும் கட்டத்தில் தட்டத் தொடங்கி, வேலை போய்விடுமே என்று அழித்துவிட்டாள்.

தம்பி கல்யாணத்துக்குச் சங்கரன்கோவில் போயிருந்தபோதுதான் வினை வந்தது. தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. கங்கா போனில் அழாக்குறையாகப் பேசினாள்.

"அக்கா, லைன் நின்னுட்சுக்கா. ஆடிட்டுக்கு ஆளு வராங்க, எல்லாத்தையும் லேட்டஸ்ட் வெர்ஷன் போடுன்னாரு சாரு. அக்கா வரட்டும் சார், அவங்க திருத்தம் ஒண்ணு கீதுன்னு சொன்னேன். நீயே போடுன்னுட்டாரு. இப்ப பொட்டி எதுவுமே நகர மாட்டேங்குது."

இசக்கிசெல்வி சாப்பாட்டு இலையை அப்படியே விட்டுவிட்டு மண்டபத்துப் பின்வாசலில் நின்று, திருத்தம் ஒட்டிய பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வழியைச் சொன்னாள். சிக்னல் போய்ப் போய் வந்தது. லைன் மறுபடி ஓடியபோது இங்கே பாதிச் சொந்தக்காரர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். "கல்யாணத்தன்னைக்குக் கூடவா உன்ன விட மாட்டேங்காங்க?" என்றாள் அம்மா.

திரும்பி வந்ததும் கூட்டம். தொழிற்சாலைத் தலைவர் செல்வலட்சுமி நடுவில் உட்கார்ந்திருந்தார். புருஷோத்தமன் முந்திக்கொண்டார். "மேடம், இவங்க எல்லாத்தையும் தன் மண்டைக்குள்ளயே வெச்சுகினு லீவ்ல போயிட்டாங்க."

இசக்கிசெல்விக்குக் காது சூடானது. "மண்டைக்குள்ள வைக்கல மேடம். வெளிய அனுப்பணும்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அனுப்பியிருந்தா கங்கா போட்ட வெர்ஷன்லயே அது இருந்திருக்கும்."

"ஏன் அனுப்பல?" என்று செல்வலட்சுமி புருஷோத்தமனைப் பார்த்தார். அவர் லீகல் என்று ஆரம்பித்தார். லீகலுக்குப் போன் போட்டார்கள். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள். அந்த இடத்திலேயே அனுமதி கிடைத்தது.

அவள் அன்றைக்கே அனுப்பினாள். பதில் மரியாதையாகத்தான் வந்தது: அந்தப் பகுதியை அண்மையில் முழுக்க மாற்றி எழுதிவிட்டோம், கோளாறு புதிதிலும் இருக்கிறது, ஆனால் உங்கள் திருத்தம் இதில் பொருந்தாது; புதிதாக எழுதி, சோதனைகளோடு அனுப்ப முடியுமா? அவள் முதலில் கேட்டபோதே அனுமதித்திருந்தால் அப்படியே பொருந்தியிருக்கும். அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தாள்.

புருஷோத்தமன் எட்டிப் பார்த்தார். "அதான் பர்மிஷன் குடுத்தாச்சே. வூட்ல உக்காந்து பண்ணிக்கோ. இங்க மேடம் கேட்ட டேஷ்போர்டு வேலை நிக்குது."

"வீட்டுல பண்ண மாட்டேன் சார். நின்னது நம்ம லைனு. இத ஆபீஸ் நேரத்துலதான் செய்வேன். டேஷ்போர்டு பெறவு."

"மேடம் கேட்டா?"

"நானே சொல்லுதேன்."

அவர் கிளம்பிப் போனார். அவள் கங்காவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கம்பெனி ஃபயர்வால் அந்தத் தளத்தில் எதையும் ஏற்றவிடாமல் தடுத்தது. அதைத் திறக்கச் சொல்லி நெட்வொர்க் ஆட்களிடம் தொங்கினார்கள். எழுதியவர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பித் திருத்தம் கேட்டார்கள். அதில் ஒன்று நியாயமானது என்று இசக்கிசெல்வியே ஒப்புக்கொண்டாள். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். திருத்தியவர்கள் பட்டியலில் கங்காவின் பெயரும் சேர்ந்து வந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் புருஷோத்தமன் ஒரு ஸ்லைடு போட்டார்: 'உலகளாவிய ஓப்பன் சோர்ஸுக்கு நமது பிரிவின் பங்களிப்பு.' கைதட்டினார்கள். இசக்கிசெல்வி கைதட்டவில்லை. எழுந்து நின்று, இனி இப்படிப்பட்ட திருத்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காமல் இருக்க ஒரு விதி எழுதித் தரச் சொன்னாள். செல்வலட்சுமி பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் எந்தத் தேதிக்குள் என்று அவள் கேட்டாள். கங்கா மேஜைக்கடியில் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.