அப்பா பார்த்துவிட்டு வந்த கல்லூரி

கல்லூரி வாசலுக்கு எதிரே மதுக்கடை இல்லை. ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு சைக்கிள் கடை, அதையடுத்து ஒரு டீக்கடை, அவ்வளவுதான். அவர் தெருவின் இரண்டு முனைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் கடையை வேறெங்காவது மாற்றியிருப்பார்கள் என்று சொல்லிக்கொள்ள ஒரு நொடி ஆசையாகக்கூட இருந்தது. இல்லாத கடையை யார் எங்கே மாற்றுவது?

"என்னப்பா தேடுறீங்க?" என்றாள் சின்னவள்.

"ஒண்ணுமில்ல. ரோடு எப்படி இருக்குன்னு பாத்தேன்."

மூத்தவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, வாசலுக்கு மேலே இருந்த கல்லூரியின் பெயரை நிமிர்ந்து பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையைப் போல மெதுவாகப் படித்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே கல்லூரியில் மூத்தவளுக்கு ஜியாலஜி படிக்க இடம் கிடைத்தது. ரோடு போடக் கொட்டிவைத்திருக்கும் ஜல்லியில்கூட நின்று கல் பொறுக்குகிற பெண் அவள். "நான் மொதல்ல போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று அவர் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினார். உண்மையாகவே பார்க்கத்தான் கிளம்பினார். நாலு மணி நேர ரயில். அந்த மாதம்தான் அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். சின்னவளுக்கு ஆறு வயசு. அவருக்கோ லிஃப்ட் மெக்கானிக் வேலை. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது, சின்னவளுக்கு யார் தலைவாரி விடுவது என்று யோசித்துக்கொண்டே போனவருக்கு, மூன்றாவது ஸ்டேஷன் வந்தபோது ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கல்லூரி நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது? இறங்கிவிட்டார். பிளாட்பாரத்து பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எதிர் ரயிலில் ஏறி வீட்டுக்கு வந்தார்.

"கட்டடமெல்லாம் விரிசல்மா" என்றார் வந்ததும். "ஹாஸ்டல்ல குழாயத் தெறந்தா காத்துதான் வருது. லைப்ரரில பூட்டுத் தொங்குது. கேட்டுக்கு எதுத்தாப்லயே மதுக்கடை. நம்ம பொண்ண விடற எடமில்ல."

மூத்தவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பா நாலு மணி நேரம் போய், நாலு மணி நேரம் வந்து, தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார் என்று நம்பினாள். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் அவர் வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் நின்றால், "உங்கப்பா பாத்த காலேஜ் மாதிரி ஆயிடுச்சு" என்பாள் அவர் மனைவி. எல்லோரும் சிரிப்பார்கள். மூத்தவளும் சிரிப்பாள். பக்கத்துத் தெருக் கல்லூரியில் பி.காம் முடித்தாள். அம்மா போய்வந்த ஆஸ்பத்திரியிலேயே பில் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. மூத்தவள் இன்னும் அதே கவுண்டர்க் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறாள்.

இப்போது சின்னவளுக்குக் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும். போயும் போயும் அவளுடைய டீச்சர் இந்தக் கல்லூரியைத்தான் சொன்னார். "அதான் நான் பாத்திருக்கேனே" என்று அவர் இழுத்தபோது, மூத்தவள்தான், "அது எந்தக் காலத்துலப்பா? இப்ப மாறியிருக்கும். மூணு பேருமே போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று லீவு போட்டாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், சுவரில் ஒரு விரிசலாவது கண்ணில் பட வேண்டுமென்று வேண்டிக்கொண்டே வந்தார்.

விரிசல் படவில்லை. பழைய கட்டடங்கள்தான், ஆனால் பழையதைப் பழையதாகவே பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். நடைபாதையின் சிவப்புத் தரை நடந்து நடந்தே மெருகேறியிருந்தது. அறிவியல் கட்டடத்தில் கம்பிக் கதவு வைத்த லிஃப்ட் ஒன்று இருந்தது. இந்த மாடலுக்கு உதிரி பாகம் நின்றுபோய் இருபது வருஷமாகிறது என்று அவருக்குத் தெரியும். ஏறினார். மூன்றாவது மாடியில் தரைக்கும் லிஃப்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் வந்து நின்றது. யாரோ ஒருத்தன் இதை மாதாமாதம் தொட்டுப் பார்க்கிறான். வேறு எந்த இடத்திலாவது என்றால் அந்த ஆளைத் தேடிப்போய்க் கையைக் குலுக்கியிருப்பார். இங்கே வாயைத் திறக்கவில்லை.

நூலகம் திறந்திருந்தது. சின்னவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இங்க பாரேன், ஏணி வச்சு ஏறி எடுக்கணும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் திறப்போம் என்றார் அங்கிருந்தவர். யாரும் கேட்காமலே சொன்னார்.

ஹாஸ்டலைக் காட்ட வந்த வார்டன் அம்மாள் தடித்த உடம்புக்காரி. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க முன்னால் நடந்தாள். ஓர் அறையைத் திறந்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"சும்மா கேளுங்க சார். கொறை கண்டுபிடிக்க வந்தவங்க மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். கட்டில ஆட்டிப் பாருங்க, ஜன்னலச் சாத்திப் பாருங்க."

"தண்ணி வருமா?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தெறந்து பாருங்க."

குளியலறைக் குழாயைத் திருகினார். காற்று வரவில்லை. தண்ணீர் சீறி வந்து முழங்கைவரை சட்டையை நனைத்தது. சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா பாத்த காலேஜ்ல தண்ணி வந்துடுச்சு!"

"இப்ப எல்லாம் மாத்திக் கட்டிட்டாங்க போல" என்றார் அவர் அவசரமாக.

"எங்க மாத்துனாங்க?" என்றாள் வார்டன். "நான் வந்து இருபத்தாறு வருஷமாச்சு. இதே ரூம், இதே குழாய். வாஷர் மட்டும் மாத்துவோம். பின்னால ஊத்துக் கெணறு சார், ஒரு நாள்கூட வத்துனதில்ல."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூத்தவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் பார்க்காமலே தெரிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் ஜியாலஜி துறை இருந்தது. யாரும் அதைப் பார்க்க வேண்டுமென்று சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது, மூத்தவளின் கால் நின்றது. நீளமான மேஜைகளில் கற்கள். வழுக்கைத் தலைப் பேராசிரியர் ஒருவர் அவற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கறுப்பாகப் பளபளத்த ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். பேராசிரியர் துணியைப் போட்டுவிட்டு அருகில் வந்தார். பிறகு இருவரும் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதை அவர் வாசலில் நின்று பார்த்தார். கடைசியாக அவள் இப்படிப் பேசிப் பார்த்தது எப்போது என்று யோசித்தார். நினைவு வரவில்லை.

"இந்த வருஷம் சேர்றீங்களாம்மா?" என்று பேராசிரியர் ஆசையோடு கேட்பது காதில் விழுந்தது.

"இல்ல சார். நான் இல்ல. தங்கச்சி. அவளுக்குக் கெமிஸ்ட்ரி." கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே திருப்பி வைத்தாள்.

சின்னவள் விண்ணப்பம் நிரப்ப அலுவலகத்துக்குள் போனாள். வெளியே நடைபாதையில் இவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். லிஃப்ட் குழிக்குள் கயிறு அறுந்த சத்தம் கேட்டபின் பெட்டி கீழே மோதுவதற்குக் காத்திருப்பவரைப் போல அவர் காத்திருந்தார்.

"நீங்க வரவே இல்லல்லப்பா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. கவுண்டரில் பெயரைச் சரிபார்க்கிற குரல்.

"மூணாவது ஸ்டேஷன்ல எறங்கிட்டேன்."

அவள் தலையசைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தா." ஈரச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருந்துச்சும்மா. தனியாச் சமாளிக்க முடியாதுன்னு. உங்கிட்ட நேரா கேட்டிருக்கணும். 'வீட்ல இரு, அம்மாவப் பாத்துக்க'ன்னு கேட்டிருக்கணும். கேட்டிருந்தா நீ இருந்திருப்ப..."

இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் இத்தனை வருஷம் தூங்கினார். கேட்டிருந்தாலும் இருந்திருப்பாள், கேட்காததால் என்ன கெட்டுப்போயிற்று?

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"இல்லப்பா" என்றாள். "போயிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். வாராவாரம் அழுதுகிட்டே வந்திருப்பேன், அழுதுகிட்டே போயிருப்பேன். ஆனா போயிருப்பேன்."

 மன்னிப்பு என்ற சொல்லை அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அவகிட்ட சொல்லாதீங்க" என்றாள் மூத்தவள். "இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கா." பிறகு, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று நடந்தாள்.

சின்னவள் வந்து, வேலை முடிந்ததென்று குதித்தாள். மூத்தவள் வரவில்லை. ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. சின்னவளை அங்கேயே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நடைபாதையில் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

கடைசி அறையில் இருந்தாள். யாருமில்லாத வகுப்பறை. மூன்றாவது வரிசையில், சுவரோரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரும்பலகையில் யாரோ பாதி அழித்துவிட்டுப் போன படம் ஒன்று இருந்தது, பாறை அடுக்குகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாய் வளைந்த கோடுகள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் மேஜைமேல் மெதுவாக அசைந்தது, அந்தக் கோடுகளை வரைகிற மாதிரி.

பூட்டும் துடைப்பமுமாக வயதான ஒரு பணியாளர் வந்தார். "பூட்டணும் சார். உள்ள யாரு?"

"எம்பொண்ணு" என்றார் அவர்.  "கொஞ்சம் இருங்கய்யா."

பணியாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே அவள் விரல் ஒரு கோட்டின் கடைசிக்குப் போய், அழிந்த இடத்தில் நின்றது. பிறகு அதையும் தாண்டி மேஜையின் ஓரம்வரை போனது.