பாதி எழுதியாயிற்று

...பாதி எழுதிவிட்டேன் என்று எதற்குச் சொன்னாள், ஆரம்பித்திருக்கிறேன் என்றிருக்கலாம், அதுவும் பொய்தான், ஆனால் சின்னப் பொய், பாதி என்றால் யாராவது ஒருநாள் அந்தப் பாதியைக் கேட்பார்கள் என்று ஜெயஷீலாவுக்குத் தோன்றவே இல்லையே. காலையில் ஜேசுபாதம் ஐயாவின் மகள் கிருபை போனில் கேட்டுவிட்டாள். "அக்கா, அப்பா விடியக்காலம் தவறிட்டாவ. நாலு மணிக்கு அடக்கம். எம்பதாம் பொறந்தநாள் மலருக்கு நீங்க அப்பா வரலாறு பாதி எழுதிட்டேன்னு சொன்னீங்கள்லா, அத ரெண்டு மணிக்குள்ள அனுப்புங்கக்கா, ஆராதனையில வாசிச்சிருவோம்." ஜெயஷீலாவும் கூட அழுதாள், அந்த அழுகை துக்கமா, மாட்டிக்கொண்ட பயமா... இப்போது மணி பதினொன்று நாற்பது. கணினியில் 'ஜேசுபாதம் ஐயா 80' என்று தலைப்பு மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரியும் இல்லை.

நேரமே கிடைக்கவில்லை என்றுதான் ஐந்து மாதமாகச் சொல்லிவந்தாள், தனக்கும் சொல்லிக்கொண்டாள், வீட்டிலிருந்து எழுதுகிறவள் என்றால் சும்மா இருக்கிறவள் என்றுதானே அர்த்தம், எதிர்வீட்டு மகாராஜா அண்ணாச்சியின் பார்சலெல்லாம் இங்கேதான் வரும், "நீ வீட்லதானம்மா இருக்க, வாங்கி வச்சுக்கோ", ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளில் ஜன்னல் அதிரும், அதையும் ஒரு காரணமாக வைத்திருந்தாள். பார்சல் வாங்க எவ்வளவு நேரம், ஒரு நிமிடம், அதன்பிறகு போனில் சேலை பார்த்த முக்கால் மணி நேரத்தை எந்த அண்ணாச்சி தலையில் கட்டுவது? சுவரில் அவளே ஒட்டிய கால அட்டவணை, ஒன்பது முதல் பதினொன்று வரை எழுத்து, அதற்கு வண்ணம் தீட்டவே ஒரு காலை போயிற்று, பார்க்கவே கூசியது. ஜேசுபாதம் ஐயாவோ துறைமுக சிக்னல் ஸ்டேஷனில் முப்பத்திரண்டு வருடம் கப்பல் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் நிமிடம் பிசகாமல் குறித்துவைத்தவர், அவரிடம் போய் நேரமில்லை என்றாளே. "அதுக்கென்னம்மா, பொறந்தநாளுக்கு இன்னும் நாளு கெடக்குல்லா," என்றார்.

கையில் இருப்பது அவர் சாயர்புரத்திலிருந்து போனில் பேசிய பதிவு மட்டும். இரண்டு மணி நாற்பது நிமிடம், ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்கவில்லை. இரட்டை வேகம் வைத்தாள், ஒரு மணிக்கு முடிந்துவிடும், மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம், கிருபைக்குத் தெரியவே தெரியாது, ச்சே, இதற்கு மட்டும் மூளை எவ்வளவு சுறுசுறுப்பு. ஐயாவின் குரல் கீச்சுக்கீச்சென்று ஓடியது, பிறந்தது, படித்தது, வேலையில் சேர்ந்த முதல் நாள்... ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி, மூச்சு வாங்கினாரோ, அப்போதே உடம்பு முடியாமல் இருந்ததோ, இவள் கவனிக்கவில்லையோ? அந்த இடைவெளிகளில் டக்டக்கென்று என்ன சத்தம்? அவளுடைய கீபோர்டுதான். அன்று அவள் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை, அதுதான் பதிவாகிறதே என்று ஒரு மிக்ஸி கம்பெனிக்கு விளம்பரம் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டும்போது அவர் நிறுத்துகிறார். தட்டுவது நின்றதும் பேசுகிறார்.

ஆரம்பத்துக்குப் போய் வேகத்தைக் குறைத்தாள். "நீ எழுதுத சத்தம் இங்கன வரைக்கும் கேக்கு," அவருடைய சொந்தக் குரல், நிதானமாக, "அவசரப்படாதம்மா, நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லுதேன்." "சரிங்கய்யா," என்றது இன்னொரு குரல், அவளுடையதுதான், எவ்வளவு பணிவாகச் சொல்லியிருக்கிறாள். போன் மினுங்கியது. "முடிஞ்சுதாக்கா?" கிருபை. முழுக்கக் கேட்டால் இரண்டரை தாண்டிவிடும், மறுபடி வேகத்தைக் கூட்டினால் இன்னும் தப்பித்துக்கொள்ளலாம், கூட்ட விரல் போகவில்லை, கிருபைக்கு ஒன்றுமே எழுதவில்லை என்று சொல்லவும் விரல் போகவில்லை, இரண்டில் எதற்காவது அது அசைந்தாக வேண்டும்... பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார், அவள் மிக்ஸியைப் பற்றி எழுதி முடிக்கட்டும் என்று.