சொல்லாமல் போகிறவர்கள்

ஆவுடையப்பன் வீட்டு ஹாலில் காலையிலிருந்து பிணம் வைக்கிற ஃப்ரீசர் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாருமில்லை. கரண்டு வீணாகிறதே என்று அவர் மனைவி கோமதி அதில் பாலும் தயிரும் வைத்திருந்தாள்.

அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சாவை வைத்துச் சிரிக்கச் சிரிக்க எழுதியே பிழைத்த மனுஷன். பாடை தூக்கினவர்கள் டீக்கடையில் பாடையை மறந்துவிட்டுப் போன கதையில்தான் பெயர் வாங்கினார். ஊரே சிரித்தது. கோமதி மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒன்றுக்கும் சிரித்ததில்லை. படித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு?" என்பாள். பாவம், அது அவருக்கு ஆறாத வருத்தம்.

இப்போது அவருக்குச் சந்தேகமெல்லாம் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் மேல்தான்.

முதலில் பத்திரிகை ஆசிரியர் வந்தார். புதுக்கதையை வாங்கிக்கொண்டு, "பிரமாதம்" என்றார். செருப்பை மாட்டினார். போய்விட்டார். போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை இல்லை. துக்க வீட்டிலிருந்துதானே அப்படிக் கிளம்புவார்கள்?

அடுத்து மாடிவீட்டு இசக்கிமுத்து. அவர் எழுந்ததும் ஆவுடையப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவே, சொல்லாமப் போறீரு?"

"என்னத்தச் சொல்ல அண்ணாச்சி?"

"போயிட்டு வாரேன்னு சொல்லும்."

இசக்கிமுத்து பெட்டியைப் பார்த்தார். "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"நான் உம்ம முன்னாலதானவே நிக்கேன்!"

"நானும் பாக்கேன். நல்லாத்தான் இருக்கீங்க."

கையை உருவிக்கொண்டு போனார். ஒவ்வொருவர் போகும்போதும் ஹால் கொஞ்சம் நீண்டது. மதியத்துக்குள் வாசல் எங்கோ தூரத்தில் தெரிந்தது. ஆவுடையப்பன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். துடித்தது. அதையும் அவர் நம்பவில்லை.

சாயங்காலம் கோமதி கூடையை எடுத்தாள். ஊரார் எப்படியும் போகட்டும். இவளும் சொல்லாமல் போனால் அத்தோடு எல்லாம் முடிந்தது. ஹால் முழுக்க ஓடி, மூச்சு வாங்க வாசலை மறித்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"மார்க்கெட்டுக்கு. கத்திரிக்கா இல்ல."

"சொல்லிட்டுப் போ கோமு."

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"நீங்களும் வாங்க" என்றாள்.

அப்பாடா! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்ந்து போகிறவர்களுக்குள் விடை எதற்கு? என்ன மூளை இவளுக்கு! சட்டையை மாட்டினார். கதவைப் பூட்டினார். பழக்கதோஷத்தில் வீட்டைப் பார்த்து, "போயிட்டு வாரோம்" என்றார்.

உள்ளே பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"போயிட்டு வாங்க" என்றது அவருடைய குரல். "பால வெளிய எடுத்து வச்சிருக்கேன். எனக்கு இடம் பத்தல."

கோமதி சிரித்தாள். கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

ஆவுடையப்பன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?" என்றார்.